வயர்லெஸ் வீடியோ கருவியும் ரவுட்டரும் வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக்கான வீடியோ டிரான்ஸ்மிட்டர்களையும் வைஃபை ரவுட்டர்களையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

என் அப்பா படுத்த படுக்கையாக இருந்த எட்டு மாதமும் அவர் அறையில் ஒரு சின்ன கேமரா இருந்தது. அது கம்பியில்லாமல் அனுப்பும் படத்தை அடுத்த அறையில் ஒரு திரையில் பார்ப்பேன். போர்வை விலகிவிட்டதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று எழுந்து போகாமலே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கருவியைச் செய்தவர்களுக்கு நான் கடன்பட்டவள். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

கேமரா வந்த வாரத்திலிருந்தே மகளின் ஆன்லைன் வகுப்பு நடுநடுவே உறைந்து நின்றது. போனில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. இணைப்பு தரும் நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். புது ரவுட்டரும் வாங்கிப் பார்த்தேன். அதே கதைதான். இன்னொரு பக்கம், மகள் ஏதாவது பெரிய கோப்பை அனுப்ப ஆரம்பித்தால் என் திரையில் அப்பாவின் முகத்துக்கு மேல் வெள்ளைக் கீற்றுகள் ஓடும், ஒலியில் கரகரப்பு கேட்கும். கேமரா பழுது என்று நினைத்தேன். இரண்டும் ஒரே கோளாறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் மேசையைத் துடைக்கக் கேமராவின் பிளக்கைக் கழற்றினேன். அடுத்த நிமிடம் உள்ளேயிருந்து மகள், “அம்மா, நெட் வந்துடுச்சு!” என்று கத்தினாள். அப்புறம் ரவுட்டரிடமிருந்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிங் சோதனையை லேப்டாப்பில் ஓடவிட்டு உட்கார்ந்தேன். கேமரா அணைந்திருக்கும்போது 3 மில்லிசெகண்ட். போட்டவுடன் 300, 700, சிலவற்றுக்குப் பதிலே இல்லை. மறுபடி அணைத்தால் 3. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் அப்படித்தான்.

நீங்கள் அறிந்ததுதான், ஆனால் வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய அலைவரிசைப் பட்டையில்தான் எல்லோரும் குடியிருக்கிறோம். ஒரு வைஃபை சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் ஒன்றோடொன்று இடிக்காமல் வழக்கமாகப் பயன்படுவது 1, 6, 11 என்ற மூன்றுதான். இருந்தும் பல ரவுட்டர்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன, காரணம் வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். இன்னொன்று பேசினால் காத்திருக்கும். என் கேமராவில் இருப்பது போன்ற அனலாக் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிளக்கில் இருக்கும் வரை ஒரு நொடிகூட மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். மைக்ரோவேவ் அடுப்புகூடப் பரவாயில்லை. அது பெரும்பாலும் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் ஓய்கிறது, அந்த இடைவெளியில் வைஃபை நுழைந்துவிடும். டிரான்ஸ்மிட்டரில் அந்த இடைவெளி இல்லை. ஐரோப்பாவில் இவ்வகைக் கருவிகளுக்கு 10 மில்லிவாட்தான் அனுமதி, வைஃபைக்கு 100. ஆனாலும் ஓயாமல் பேசுவது பக்கத்தில் இருந்தால், ரவுட்டர் வாய்திறக்காமல் காத்துக் கிடக்கிறது. பேசினாலும் அந்த இரைச்சலில் பாதி வார்த்தை போய்விடுகிறது.

சரி, சேனலை மாற்றிவிடலாமே என்பீர்கள். என் கேமராவில் ஏ, பி, சி, டி என்று நான்கு நிலைகள் உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. ஏ என்றால் எது? பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. தேடிப்பிடித்தேன்: 2414, 2432, 2450, 2468 மெகாஹெர்ட்ஸ். என்னுடையது சி-யில் இருந்தது. ஏறக்குறைய 18 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று வைத்தால், அது 6, 11 இரண்டையும் ஒருசேர மிதிக்கிறது. எங்களைச் சுற்றியிருந்த வீடுகளின் வைஃபை எல்லாம் 1-ல் இருந்ததால் என் ரவுட்டர் தானாக 11-க்கு ஓடியிருந்தது. முறை பார்த்துப் பேசும் கூட்டத்தைக் கண்டு விலகி, முறையே தெரியாத ஒன்றின் மடியில் போய் விழுந்திருக்கிறது. அதற்குக் கண்ணில் பட்டது பிற வைஃபைகளின் பெயர்கள் மட்டும். கேமராவுக்குப் பெயர் இல்லை.

கேமராவை ஏ-வுக்கு மாற்றினால் என் வீடு சரியாகிவிடும். ஆனால் 1-ல் இருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள் எல்லோரும் என் தலைவலியை அனுபவிப்பார்கள், ஏன் என்றே தெரியாமல். கடைசியில் கேமராவை சி-யிலேயே விட்டு, ரவுட்டரைக் கூட்டத்தோடு 1-க்குக் கொண்டுபோனேன். வேகம் குறைவு, ஆனால் வகுப்பு உறையவில்லை. நாளை யாராவது 6-க்கோ 11-க்கோ வந்தால்? எங்கே வைத்தாலும் அது யாரோ ஒருவர் மேல்தான் உட்காரும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இது ஸ்விட்சைத் தள்ளி நான் தீர்க்கக்கூடியது அல்ல.

வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போ என்பதும் முழு மருந்தில்லை. 5.8-ல் இயங்கும் டிரான்ஸ்மிட்டர்கள் வைஃபையின் 149 முதல் 165 வரையுள்ள சேனல்கள் மேல் அதே மாதிரி படுத்துக்கொள்கின்றன.

வீடியோ கருவி செய்பவர்களே, அனலாக் டிரான்ஸ்மிட்டருக்கு அந்தப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்பதே தெரியாது. திரையை அணைத்த பிறகும் விடிய விடிய ஒளிபரப்புகிறது. திரை அணைந்தால் தானும் அடங்கும்படி, திரையிலிருந்து அதற்குச் செய்தி திரும்பி வர ஒரு வழி கொடுங்கள். புளூடூத் 2003-லேயே, 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை தாவும்போது நெரிசலானவற்றை விட்டுத் தாவக் கற்றுக்கொண்டது. இடம் பார்த்துத் தாவும் டிஜிட்டல் கேமராக்களை உங்களில் சிலர் ஏற்கெனவே செய்கிறீர்கள். அதையே எல்லோரும் செய்யுங்கள்.

ரவுட்டர் செய்பவர்களே, பல வைஃபை சில்லுகள் சேனலின் இரைச்சல் அளவையும், சேனல் எவ்வளவு நேரம் நிறைந்திருக்கிறது என்பதையும் ஏற்கெனவே அளக்கின்றன. அந்த எண்ணை ஆப்பில் காட்டுங்கள். “சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் வைஃபை அல்லாத ஏதோ ஒன்று இந்தச் சேனலை அடைத்திருக்கிறது” என்று ஒரு வரி வந்திருந்தால் நான் இரண்டாவது ரவுட்டர் வாங்கியிருக்க மாட்டேன். தானாகச் சேனல் தேர்ந்தெடுக்கும்போதும் பெயர்களை எண்ணாமல் இரைச்சலைக் கணக்கில் எடுங்கள்.

அப்பா இப்போது இல்லை. கேமராவைத் தோழி ஒருத்தி, தன் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறாள். ஸ்விட்சின் பக்கத்தில் நான்கு எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த நான்கு எண்களை மட்டுமாவது அடுத்த பெட்டியிலிருந்து நீங்களே அச்சடித்து அனுப்பத் தொடங்குங்கள்.