பொத்தானை அழுத்துவது மட்டுமா எங்கள் வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி ரத்தப் பரிசோதனை நிலையங்களைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு கட்டுரை வராதா என்று நெடுநாளாக ஏங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதன் நடுவே, "இப்போது எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடுகிறது, பொத்தானை அழுத்த ஓர் ஆள் இருந்தால் போதும்" என்று ஒரு வரி வருகிறது. தங்கள் இதழின் நீண்டகால வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது.

டெங்கு பரவிய ஒரு மழைக்காலத்தில், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு குடியாத்தத்தில் நான் வேலை பார்த்த லேபுக்கு வந்தார். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000 என்று இயந்திரம் காட்டியது. அந்தத் தாளை அப்படியே கொடுத்திருந்தால் அன்றிரவே பையனை ஆம்புலன்ஸில் வேலூருக்கு ஏற்றியிருப்பார்கள். அவனைப் பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தகட்டின் ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இட்ட குழாயில் விழுந்ததும் சிலருடைய ரத்தம் இப்படி ஆவதுண்டு. கொத்தாகிப்போனதை இயந்திரம் தட்டணுவாக எண்ணாது. அதற்குப் பதிலாக சிட்ரேட் இட்ட குழாயில் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. இதை எந்தப் பொத்தான் செய்யும், ஐயா?

இந்த வேலையைச் செய்யத் தகுதியானவர் யார் என்பதைச் சட்டம் நெடுங்காலம் சொல்லவே இல்லை. செவிலியருக்கு 1926-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. மருந்தாளுநருக்கு 1948-ல் வந்தது. எங்களுக்கு 2021 வரை எதுவும் இல்லை. அந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ ஆய்வகத் துறைதான் முதல் வகை. எங்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆறு மாதத்துக்குள் மாநிலந்தோறும் அமைய வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. தாங்கள் அறியாததல்ல. அறிந்திருந்தும் அரைப் பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. முறையாகப் படித்தவர்களின் பதிவேடு ஒன்று இருந்தால்தானே போலி யார் என்று காட்ட முடியும்?

நம் மாநிலத்தின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ல் வந்தது. விதிகள் வந்ததோ 2018-ல். அந்தச் சட்டம் பதிவு செய்வதும் நிறுவனத்தைத்தான், உள்ளே ஊசியைப் பிடிக்கும் ஆளை அல்ல. பரிசோதனை முடிவில் நோய்க்குறியியல் மேற்படிப்பு முடித்த மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மருத்துவர் அந்தப் பக்கமே வராமல், கணினியில் ஏற்றி வைத்த அவருடைய கையெழுத்து மட்டும் தாளில் அச்சாகி வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்ட என்னை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. தொற்று 1986-ல் முதன்முதலில் கண்டறியப்பட்டது, சென்னையிலிருந்து வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்கு எடுத்துவரப்பட்ட ரத்த மாதிரிகளில்தான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி நோயாளிகள் நம்பி வருகிற ஊர் இது. இந்த ஊரைச் சுற்றித்தான் இன்று, மூன்று மாதப் பயிற்சியோடு வந்த பிள்ளைகள் கலெக்‌ஷன் சென்டர்களில் ரத்தம் எடுக்கிறார்கள். வேலூர் வெயிலில் அந்தக் குழாய்கள் பைக் பெட்டியில் மணிக்கணக்காகக் கிடக்கின்றன. அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு மணி குறையும். சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் நோயாளியின் உடலில் உண்மையில் இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டும். அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. இரண்டாண்டு டிப்ளமோ படித்தவருக்குக் கட்டுப்படியாகாத சம்பளத்துக்கு அவர்களை உட்கார வைக்கும் முதலாளிகளையும், அதைத் தடுக்காத சட்டத்தையும்தான் சொல்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அந்த ஒரு வரிக்கு, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால், ரத்தம் எடுப்பவர் என்ன படித்திருக்கிறார், அவருடைய சான்றிதழ் எங்கே என்று வாசகர்கள் தயங்காமல் கேட்கலாம் என்பதையும் அதனோடு சேர்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்புநர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.