எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், நம் கடன் தகுதிக்குப் போடும் மதிப்பெண்ணான கிரெடிட் ஸ்கோரைச் சந்தா வாங்கிக்கொண்டு கண்காணித்துச் சொல்லும் சேவைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கடைசிப் பத்தி வரை நன்றாகத்தான் போயிற்று. அங்கே ஒரு வரி: 'பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம்.' எழுதியவர் ஒருமுறையாவது ரத்து செய்து பார்த்திருக்கிறாரா?

நான் பார்த்தேன். முதல் மாதம் இலவசம் என்றார்கள், சேர்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கார்டு எண் மட்டும் கட்டாயம். இலவசத்துக்கு எதற்குக் கார்டு என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, என் தப்புதான். விலகலாம் என்று உள்ளே போனால் 'ரத்து' என்ற சொல்லே எங்கும் இல்லை. சரி, ஆப்பையே அழித்துவிட்டேன். அது போனிலிருந்து போனதே தவிர, கணக்கிலிருந்து பணம் போவது நிற்கவில்லை. ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது என்பதை மூன்று மாதப் பணம் கட்டிக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் கஸ்டமர் கேர். நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். கடைசியாக வந்த பெண், "விலகினால் உங்கள் ஸ்கோர் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா சார்?" என்றார். ஒன்றும் ஆகாது. ஸ்கோர் கணக்கில் இந்தச் சந்தா சேர்த்தியே இல்லை. நம் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார், பாவம்.

இந்த வியாபாரத்தின் பூர்வகதை உங்களுக்குத் தெரியாததா? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் என்ற இரண்டு கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்கள்மீதும் நடவடிக்கை எடுத்தது. இலவசம், ஒரு டாலர் என்று இழுத்து மாதச் சந்தாவில் மாட்டிவிட்டதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில், தன்னிடமிருந்த தகவல்கள் திருடுபோனதை ஈக்விஃபாக்ஸ் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 14.7 கோடி பேர். அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்? ஓராண்டு இலவசக் கண்காணிப்பு! கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிய காவல்காரன், "ஒரு வருஷம் சம்பளம் வேண்டாம், நானே காவல் இருக்கிறேன்" என்ற கதைதான்.

காவல் என்பதுகூடப் பெரிய வார்த்தை. நம் பெயரில் எவனோ கடன் கேட்ட பிறகுதான் இந்தச் சேவை தகவல் சொல்லும்; தடுக்காது. தடுப்பதற்கு ரிப்போர்ட்டையே முடக்கிவைக்கும் 'ஃப்ரீஸ்' என்று ஒரு வசதி அமெரிக்காவில் 2018 செப்டம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். உங்கள் மூன்று பக்கக் கட்டுரையில் அதற்கு அரை வரிகூட இல்லை. எதிர்ப்பக்கத்து முழுப்பக்க விளம்பரம் யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. அது உங்கள் பிழைப்பு.

முன்பு ஒருமுறை விளம்பரத்தையே கட்டுரை மாதிரி அச்சிட்டீர்கள். அதற்கும் எழுதினேன், பதில் இல்லை. எழுத்தின் அளவைச் சிறிதாக்கிவிட்டீர்களே என்று வருத்தப்பட்டு ஒரு பக்கம் எழுதினேன்; அதைச் சுருக்கி 'இதழ் அருமை' என்று என் பெயரில் போட்டீர்கள். வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'ஆப்பை நீக்கினால் சந்தா ரத்தாகாது. ரத்து செய்ததும் அதை உறுதிசெய்யும் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வாசகன்