மே மாதக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள சாக்ரமெண்டோ நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆசிய அமெரிக்க மரபு மாதக் கண்காட்சி போன சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மேசை தூக்கியவர்களில் தொடங்கித் தரை கூட்டியவர்கள் வரை எல்லோருக்கும் நன்றி. சிலருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், கண்காட்சியில் வைக்கத் தன் பழைய பெட்டியைத் தந்த எங்கள் தெருக்கோடி ஜப்பானியப் பாட்டிக்கு. 1942-இல் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஏறக்குறைய 1,20,000 பேர். பெரும்பாலோர் இந்த நாட்டுக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டுமே எடுத்துப்போக விட்டார்கள். பாட்டியின் அம்மா டூலி லேக் முகாமுக்குத் தூக்கிப்போன பெட்டி அது. அதன்மேல் எழுதிய, அரசு கொடுத்த குடும்ப எண் இன்னும் அழியவில்லை. "ஏன் பாட்டி, பேர் எழுதலையா?" என்று என் மகள் கேட்டாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் பதில் சொன்னீர்கள். 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டுச் சட்டம் இயற்றியதையும் சொன்னீர்கள். அந்த அரை மணி நேரத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அப்புறம், அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் படத்தை வரைந்து தந்த சீனக் குடும்பத்துக்கு. மரபு மாதமாக மே மாதத்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் பாதையும் ஒரு காரணம். அது 1869 மே 10 அன்று முடிந்தது. நம் ஊரிலிருந்து கிளம்பி சியரா நெவாடா மலையைக் குடைந்துபோன பகுதியில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1867-இல் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, சாப்பாட்டைத் தடுத்தே அவர்களைப் பணிய வைத்தார்கள். படத்தின் ஓரத்தில் இதையும் எழுதியிருந்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

பருப்பும் ரொட்டியும் கொண்டுவந்த யூபா சிட்டி பஞ்சாபி வீட்டாரே, உங்கள் முன்னோர் ஸ்டாக்டனில் குருத்வாரா கட்டியது 1912-இல். 1917-இல் இந்தியர்கள் வரவே தடை வந்தது. 1946-இல் குடியுரிமை பெற வழி பிறந்தாலும், ஆண்டுக்கு 100 பேர்தான் வரலாம் என்றிருந்தது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு பட்டமும் விசாவுமாக வந்திறங்கிய நாங்கள், நீங்கள் வேரூன்றிய மண்ணில்தான் கால் வைத்தோம். இதை நேரில் சொல்ல நினைத்தேன். பந்தி பரபரப்பில் முடியவில்லை.

பாட்டியின் பெட்டியை ஞாயிறன்றே பத்திரமாகச் சேர்த்துவிட்டேன். யூபா சிட்டிப் பாத்திரங்கள் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. இந்த வாரக் கடைசியில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ்த் தோழி