கஜா புயலில் கைகொடுத்தவர்களுக்குக் கடைமடைத் தென்னை விவசாயிகளின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது சாய்ந்த தோப்புகளில், அதற்கடுத்து வைத்த நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விட்டுக் காய் பிடிக்கின்றன. காய் கண்ட பிறகே நன்றி சொல்ல வேண்டும் என்றிருந்தோம். அதனால்தான் இந்த மடல் இவ்வளவு தாமதம்.

முதல் நன்றி வானிலை ஆய்வு மையத்துக்கு. நவம்பர் 11-ல் புயலாகி, இலங்கை கொடுத்த பெயரைப் பெற்ற கஜா நேர்வழியில் வரவில்லை. முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையேறும் என்றார்கள். நடுக்கடலில் அது தென்மேற்கே திரும்பியதும் கடலூர், பாம்பன் இடையே என்றார்கள். கடைசியில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இரவு 12.30-லிருந்து 2.30 மணிக்குள் ஏறியது. மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே என்று அன்று முணுமுணுத்தோம். ஆனால் அப்படி மாற்றிச் சொன்னதால்தான் 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குப் போக முடிந்தது. வீடு வீடாகத் தட்டி எழுப்பிய கிராம நிர்வாக அலுவலர்களையும் தலையாரிகளையும், முகாமில் உலை வைத்த சத்துணவுப் பணியாளர்களையும் மறக்க மாட்டோம். அப்படியும் 60-க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தோம். புயல் திண்டுக்கல் வழியாகக் கேரளம் கடந்து, அன்றைக்கே அரபிக்கடலுக்குப் போய்விட்டது.

மேற்கு நோக்கிப் போகும் புயலில் முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். கண் கடந்ததும் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. ஐப்பசி மழையில் ஊறிய மண்ணில், முதல் காற்று சல்லிவேரைத் தளர்த்தியது, இரண்டாவது காற்று மரத்தைச் சாய்த்தது. நிமிர்ந்து நின்ற மரங்களிலும் பலவற்றுக்குக் குருத்து திருகிப் போயிருந்தது. தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அது போனால் மட்டை பச்சையாக இருந்தாலும் மரம் மிஞ்சாது. எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும் என்று தோப்பு தோப்பாக நடந்து பிரித்துச் சொன்ன வேளாண் மாணவர்களும் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தாரும் செய்தது பெரிய உதவி. குருத்து கெடாத இளமரங்களைக் கயிறு கட்டி நிமிர்த்தி, தூரில் மண் அணைத்து, குருத்தில் லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற பூஞ்சாணக் கொல்லியைக் கலந்து ஊற்றியதில் பல பிழைத்தன.

மரம் அறுக்கும் மெஷினோடு வந்த வெளியூர்த் தம்பிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! விழுந்த தென்னை சும்மா கிடப்பதில்லை, வில்லாக வளைந்து இறுகிக் கிடக்கும். மேற்புறம் நெருங்கி இறுகியிருக்கும் இடத்தில் மேலிருந்து அறுத்தால் மரம் வாளைக் கவ்விக்கொள்ளும். வேரோடு பெயர்ந்த மரத்தைத் தூர்ப்பக்கம் அறுத்தால் வேர்க்கட்டி சடாரென்று குழிக்குள் திரும்ப விழும். குழிக்குள் ஆள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே வாளை வைத்தீர்கள். அறுத்த தண்டுகளைத் தோப்பில் போட்டுவைக்காமல் அகற்றச் சொன்னதும் நீங்கள்தான். கிடந்து மக்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், பிறகு புதுக்கன்றின் குருத்தைக் குடையும். ஒரு மரத்துக்கு அரசு தந்த 1,100 ரூபாயில் 500 ரூபாய் அறுத்து அகற்றுவதற்கென்றே ஒதுக்கியது சரியான ஏற்பாடு. கன்றுகளின் மேல் மூன்று மட்டை இடுக்குகளில் இடுக்குக்கு ஓர் அந்துருண்டை வைத்து, 45 நாளுக்கொரு முறை மாற்றினோம்.

ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கும், பிஸ்கட்டை விடத் தார்ப்பாயும் கொசுவர்த்தியும் தேவை என்று விசாரித்து அனுப்பியவர்களுக்கும் எங்கள் நன்றி.

மின்வாரியத் தொழிலாளர்களே! மேற்கு மாவட்டங்களிலிருந்து, கேரளத்திலிருந்து என்று வந்தீர்கள். சம்பா வயலின் சேற்றில் கிரேன் இறங்காது. கான்கிரீட் போஸ்டை மூங்கிலில் கயிறு கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தீர்கள். 8 மீட்டர் போஸ்டுக்கு ஐந்தடிக் குழி வேண்டும். சேற்றில் தோண்டத் தோண்ட மூடிக்கொள்ளும். கல் போட்டு இறுக்காமல் விட்டால் கம்பி இழுத்ததும் போஸ்ட் சாயும். லைன் திரும்பும் இடத்தில் போஸ்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தவறினால் வரிசையே சாயும். சீக்கிரம் கரண்ட் கொடுங்கள் என்று நாங்கள் நெருக்கியபோதும் இதில் எதையும் நீங்கள் குறைக்கவில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலாவது வீட்டு மெயினை வெளிக் கம்பியிலிருந்து பிரிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியே மேலேறி 11 கே.வி. உயர் அழுத்தக் கம்பிக்கு உயிர் கொடுத்துவிடும். அதனால் லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற லைன் கிளியர் வாங்கிய பிறகும், வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்டுவிட்டுத்தான் போஸ்டில் ஏறினீர்கள். மெயினைப் பிரிக்காமல் ஓட்டிய வீடுகள் எங்கள் ஊர்களில் இருந்தன. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இப்போது ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மாற்றுச் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள்.

அன்று காற்றில் விழுந்த போஸ்டுகளோடு, தென்னை கம்பியில் விழுந்து இழுத்ததால் விழுந்தவையும் ஏராளம். ஆகவே நீங்கள் இழுத்துக் கொடுத்த கம்பிப் பாதையை ஒட்டி நெட்டை ரகம் நடவில்லை. கம்பிக்கு இருபுறமும் இடம் விட்டு, அதற்கப்பால் முதல் வரிசைக்குக் குட்டை ரகம் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னை விவசாயிகள்