ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமான கதை

நண்பர்களுக்கு,

யாகோபி என்ற ஜெர்மன் கணிதவியலாளரின் முப்பெருக்க முற்றொருமைக்கு எளிய நிரூபணம் கிடைத்துவிட்டது என்று சொல்லி, உங்களுக்கெல்லாம் ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அது தப்பு. இருந்தும் ஒருவரும் அதைத் தூக்கிப் போடவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

1829இல் யாகோபி வெளியிட்ட அந்த முற்றொருமையில் க்யூ, இசட் என்று இரண்டு மாறிகள்; ஒரு பக்கம் முடிவே இல்லாமல் நீளும் பெருக்கல், மறுபக்கம் க்யூவின் அடுக்குகளாக வர்க்க எண்கள் மட்டுமே வரும் கூட்டல். நான் பிடித்த வழி பழக்கமானதுதான். இசட் இருக்கும் இடத்தில் க்யூ வர்க்கத்தால் பெருக்கிய இசட்டைப் போட்டால், ஒரே ஒரு சின்னக் காரணி மட்டும் வெளியே வர, பெருக்கல் அப்படியே திரும்பக் கிடைக்கும். அப்புறம் கெழுக்கள் எல்லாம் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்துவிடும். நடுக்கெழு, அதாவது இசட்டே இல்லாத உறுப்பின் கெழு, மட்டும் தெரிந்தால் போதும். அதை நான் ஒரே வரியில் முடித்திருந்தேன்: க்யூ பூஜ்யமானால் அது 1, எனவே எப்போதும் 1.

முதல் நன்றி, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "இது க்யூவைப் பொறுத்து மாறாதா?" என்று எழுதிய தோழிக்கு. மாறாது என்பதுதான் நிரூபிக்க வேண்டிய விஷயமே! ஆறு பக்கமும் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. இதில் ஒரு வேடிக்கை. இன்னொரு நண்பர் 200ஆம் அடுக்கு வரை கணினியில் போட்டுப் பார்த்து, எல்லாக் கெழுக்களும் பொருந்துகின்றன என்று சொல்லியிருந்தார். பொருந்தாமல் எங்கே போகும்? விடை சரி, வழிதான் ஓட்டை. அவருடைய உழைப்புக்கும் நன்றி. அதை நம்பி நான் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

வழியைத் திறந்துவிட்டவர் என் பழைய ஆசிரியர். "முடிவிலியை விடப்பா, ஐந்து ஜோடிக் காரணியோடு நிறுத்திப் பாரேன்" என்றார். நிறுத்தினேன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு காரணியில் இசட், மற்றதில் அதன் தலைகீழி; அதனால் இசட்டின் ஐந்தாம் அடுக்கு ஒரே ஒரு விதத்தில்தான் வர முடியும். அதன் கெழுவில் க்யூவின் அடுக்கு 1, 3, 5, 7, 9 எல்லாம் கூட்டிய 25. நடுவில் ஊகிப்பதற்குப் பதிலாக உச்சியில் உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து படிப்படியாக இறங்கினால், நடுக்கெழு தானாகவே கைக்கு வருகிறது. ஜோடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் யாகோபி வந்து நிற்கிறார். ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்கம் என்று பள்ளியில் படித்தது இங்கே வந்து வேலை செய்வதைப் பார்த்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜோடிகளை முடிவிலிக்குக் கொண்டுபோகும்போது, அந்த எல்லையைக் கூட்டலின் ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் நுழைக்க யார் அனுமதி கொடுத்தது என்று கடைசி வரை விடாமல் கேட்டவருக்கும் நன்றி. அவரால் இரண்டு வரி கூடியது, கூட வேண்டிய வரிகள்தான்.

இந்த வழி 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான் என்று நயமாகச் சொன்னவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் ஆய்லருடைய ஐங்கோண எண் தேற்றம் இதிலிருந்து ஒரே ஒரு பிரதியிடலில் விழுவதைக் காட்டியவரும் அவர்தான். 1இலிருந்து க்யூவைக் கழித்தது, க்யூ வர்க்கத்தைக் கழித்தது, க்யூ கனத்தைக் கழித்தது என்று முடிவில்லாமல் பெருக்கி விரித்தால், க்யூவின் அடுக்குகளில் 1, 2, 5, 7, 12, 15 என்று சில மட்டுமே மிஞ்சும்; அதை ஆய்லர் முதலில் கண்டுகொண்டார். நிரூபிக்க அவருக்கே பல வருடம் பிடித்து, 1750இல்தான் முடிந்தது. 1881இல் ஃபிராங்க்ளின் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், ஓர் எண்ணைப் பல எண்களின் கூட்டலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அத்தனை புள்ளிகளை வரிசையாக வைத்து, கடைசி வரிசையை எடுத்து ஓரத்தில் சாய்வாக அடுக்கி, கணக்கே போடாமல் அதை நிரூபித்தார். என் கையெழுத்துப் படியை வாங்கிப் பார்த்த ஒரு மாணவி, "யாகோபிக்கும் இப்படிப் புள்ளி வைக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியும். அந்தப் படத்தை அவளே வரைந்து கொடுத்தாள். திருத்திய படியில் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

இப்போது மொத்தம் ஒன்றரைப் பக்கம். பென்சிலோடு படியுங்கள்.