பத்து சென்டிமீட்டர் ஒயர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. மெஷினை இயக்கும் ஒரு கன்ட்ரோலர் போர்டு என்னைப் படுத்திய பாடு அப்படி. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் யூ.எஸ்.பி. பக்கம் கையைக் கொண்டுபோவார். சட்டென்று அவர் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் ஒரு பொறியாகப் பாயும், திரை அணைந்து எல்லாம் ரீசெட். அதுவும் காற்று வறண்டிருக்கும் நாட்களில் மட்டும். மழை பெய்தால் சமர்த்துப் பிள்ளை. வழக்கம்போல எல்லோரும் மென்பொருள் மேல் பழி போட்டார்கள். நீ அந்த வேலையை விட்டது நல்லதுதான்.

இத்தனைக்கும் சாம்பிள் பீஸ், இந்த மாதிரிப் பொறியைத் தாங்குமா என்று பார்க்கும் ஐ.இ.சி. 61000-4-2 என்ற சர்வதேசச் சோதனையில் பாஸானது. நேரடித் தொடுகையில் 8,000 வோல்ட்: மனிதனுக்குப் பதிலாக ஒரு 150 பிக்கோஃபாரட் கெபாசிட்டர், 330 ஓம் வழியாக. ஒரு நானோ விநாடிக்குள் 30 ஆம்பியர் வரை எகிறும். கனெக்டர் அருகே, எகிறும் வோல்ட்டேஜை கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டி.வி.எஸ். டயோடும் இருந்தது. பிறகென்ன கோளாறு?

பெயின்ட்! சாம்பிள் பெட்டி வெறும் தகரம். கனெக்டரின் உலோக ஓடு அதை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தது. தயாரிப்புக்கு வந்த பெட்டிகளில் மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் அடித்துவிட்டார்கள். ஆக, மின்னோட்டத்துக்கு மிச்சமிருந்த வழி, போர்டிலிருந்து பெட்டிக்குப் போன பத்து சென்டிமீட்டர் எர்த் ஒயர் ஒன்றுதான். மல்டிமீட்டரில் வைத்தால் பூஜ்ஜியம் ஓம் காட்டும், சத்தியம் செய்யும். ஆனால் ஒயருக்கு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி இன்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் திடீரென்று மாறுவதை எதிர்க்கும் குணம். 100 நானோஹென்றியில் 30 ஆம்பியர் 0.8 நானோ விநாடியில் பாய்ந்தால், காகிதக் கணக்கில் 3,700 வோல்ட்டுக்கு மேல்! அந்த ஒயரே வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், சரி. பாதியென்றே வைத்துக்கொள், பூஜ்ஜிய வோல்ட் என்று சிப்புகள் நம்பியிருக்கும் போர்டின் கிரவுண்டு மொத்தமும் அவ்வளவு துள்ளினால், சிப்பை மறுபடி தொடங்கவைக்கும் அந்த ரீசெட் கால் என்ன செய்யும், பாவம். டயோடு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

கனெக்டரைச் சுற்றிப் பெயின்ட் படாமல் மறைத்து, உலோக கேஸ்கெட் வைத்து, ஒயரை எடுத்துவிட்டுக் கனெக்டர் பக்கத்திலேயே பித்தளைத் தூண்களில் போர்டை முடுக்கினோம். ரீசெட் லைனுக்கு ஒரு சின்ன ஃபில்டர். அவ்வளவுதான். பெயின்ட் அடிக்கிறவரைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று, அழகு கெட்டுவிடுமாம்.

அப்புறம் உன் விஷயம். பழுதுபார்த்த போர்டுகள் மாதக் கணக்கில் ஓடிவிட்டுச் செத்துப்போகின்றன என்று எழுதியிருந்தாய். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீ வெறுங்கையால் சிப்பைத் தொடுவதை நான் பார்த்திருக்கிறேன். பொறி நமக்கு உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்கூட அதிகம். உடனே சாகாமல் உள்காயத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். உடம்பின் நிலைமின்சாரத்தை எர்த்துக்கு வடித்துவிடும் மணிக்கட்டுப் பட்டை வாங்கு. அதிலுள்ள ஒரு மெகாஓம் ரெசிஸ்டரை வீண் என்று கழற்றிவிடாதே. கரண்ட் உள்ள இடத்தில் கை பட்டால் உன்னைக் காப்பதற்கு அது. மேசை விரிப்பையும் எர்த்தோடு சேர். சேர்க்காவிட்டால் அது வெறும் ரப்பர் பாய்.

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? விசாரித்ததாகச் சொல். செத்த போர்டு ஒன்றிருந்தால் எனக்கு அனுப்பு, சாவகாசமாகப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி