டி வாங்கிய பள்ளி

புதுக்கோட்டை

அன்பு மகள் தமிழரசிக்கு,

நானும் அம்மாவும் நலம். வேப்பம்பூ கொட்டத் தொடங்கிவிட்டது. வாசலைப் பெருக்கியே அவளுக்கு இடுப்பு ஒடிகிறது.

மாப்பிள்ளை அனுப்பிய, உங்கள் அமெரிக்க ஊர்ப் பள்ளிகளுக்கு அரசு எழுத்தில் தரம் போட்ட அறிக்கைகளை மூன்று நாளாகப் படித்தேன். நிலாவை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று இருவருக்கும் தூக்கமே இல்லை போலிருக்கிறது. உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளியின் தரம் டி. முப்பது மைல் தள்ளி ஏரிக்கரையில் இருப்பது பி. 'அந்தப் பக்கமே வீடு வாங்கிவிடலாம்' என்கிறாய். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் சாக்கட்டி பிடித்தவன் சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

நீ இருக்கும் வட கரோலினா மாநிலத்தில் அந்த எழுத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தாயா? நூற்றில் 80 பங்கு பிள்ளைகளின் தேர்வுத் தேர்ச்சிக்கு. பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கு வெறும் 20. மொத்தம் 85 முதல் ஏ, 70 முதல் பி, 55 முதல் சி, 40 முதல் டி. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். தேர்ச்சியில் 75, வளர்ச்சியில் 60 எடுத்த பள்ளிக்கு 72 வரும், அது பி. தேர்ச்சியில் 45, வளர்ச்சியில் 85 எடுத்த பள்ளிக்கு 53 வரும், அது டி. வந்த பிள்ளையைக் கைதூக்கி விட்ட வாத்தியாருக்கு டி! கோபத்தில் காபி ஆறியதே தெரியவில்லை.

நீ பார்த்த இரண்டும் ஏறத்தாழ இந்த வகைதான். அறிக்கையில் வளர்ச்சிக்கான பெட்டியைப் பார்: டி பள்ளி எதிர்பார்த்ததைத் தாண்டியிருக்கிறது, பி பள்ளி எட்டவில்லை. வசதியான ஏரிக்கரை வீட்டுப் பிள்ளையும், கோழி இறைச்சி ஆலையில் இரவு வேலை பார்ப்பவரின் பிள்ளையும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். டி பள்ளியில் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம் என்பதை ஒரு குறைபோல எழுதியிருந்தாய். சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்றவள்தானே நீயும்?

டி பள்ளியில் எனக்கும் ஒரு பயம் உண்டு. ஏழாம் வகுப்புத் தேர்வில் உச்ச நிலையான ஐந்தை எடுத்த பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளிக் கணக்கைக் கற்பிக்க வேண்டும் என்று அங்கே 2018-இல் சட்டம் வந்திருக்கிறது. நிலா அதை எட்டுவாள். ஆனால் நாட்டுப்புறத்துச் சின்னப் பள்ளியில் அதை நடத்துவது யார்? கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரா, கணினித் திரையா? கணக்கு வாத்தியார் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? இதையெல்லாம் எந்த அறிக்கையும் சொல்லாது. நேரில் போய்க் கேள். நூலகத்தில் புத்தகங்கள் கசங்கியிருக்கின்றனவா என்றும் பார். புதுக்கருக்கு அழியாமல் அடுக்கியிருந்தால் எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. நடு இரவில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் அந்த முப்பது மைலை ஓட்டப்போவது நீ. மான் குறுக்கே பாய்ந்து நீ பிரேக் போட்ட இரவில் பின்சீட்டில் நான்தான் இருந்தேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பள்ளிக்குப் போய்வந்து எழுது. வீட்டுக்கு முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

அப்பா